தீர்ப்பிட விரையும் நாம்

ஆழ்வார்குறிச்சித் தேநீர்க் கடைகளில் கிரிக்கெட் வீரர்களுக்குத் தீர்ப்பு வழங்குவது அன்றாட நிகழ்ச்சி. 2013 நவம்பரில் சில நாள்கள் மட்டும் சதுரங்கமும் அம்மன்றத்தின் விசாரணைக்கு வந்தது. சென்னையில் விசுவநாதன் ஆனந்தும் நார்வே நாட்டு இளைஞர் மாக்னஸ் கார்ல்சனும் உலகப் பட்டத்திற்காகப் பொருதிக்கொண்டிருந்தனர். குதிரை எவ்வாறு தாவும் என்று அறியாதவர்களும் நாளிதழை விரித்து வைத்துக்கொண்டு, ஆனந்தின் காலம் முடிந்தது என்றனர்.

ஆடியவை பத்து ஆட்டங்கள். மூன்றில் தோல்வி, ஏழில் சமநிலை, ஒன்றிலும் வெற்றியில்லை. அவருக்கு வயது நாற்பத்து நான்கை நெருங்கியிருந்தது; கார்ல்சனுக்கோ இருபத்திரண்டு. தோல்வி தோல்விதான், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் தீர்ப்பு ஆட்டத்தோடு நிற்கவில்லை; அவர் கௌரவமாக ஓய்வு பெற வேண்டும் என்பது வரை சென்றது.

இந்த மனிதருக்கு அளவுகோல் எப்போதுமே நகர்ந்துகொண்டுதான் இருந்தது. 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2000-இல் உலகப் பட்டம் வென்றபோது, பட்டமே இரண்டாகப் பிளவுண்ட காலம் இது, காஸ்பரோவ் ஆடவில்லையே என்றனர். 2007-இல் மெக்சிகோவில் வென்றபோது, இது பலர் கூடி ஆடிய போட்டி, நேருக்கு நேர் வெல்லட்டும் என்றனர். 2008-இல் பான் நகரில் கிராம்னிக்கை நேருக்கு நேரே வென்றார். 2010-இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோக, தரைவழியே சோபியா சென்று தொப்பலோவை வென்றார். 2012-இல் கெல்பாண்டை விரைவு ஆட்டங்களில் வென்றதும், பழைய ஒளி இல்லை என்றனர்!

நம் திருச்சபை இவ்விஷயத்தில் மிகவும் மெதுவாக நடக்கிறது. ஒருவரைப் புனிதராக்கும் ஆய்வை, அவர் இறந்து ஐந்து ஆண்டுகளேனும் கழிந்த பின்னரே பொதுவாகத் தொடங்குகிறது. ஆரல்வாய்மொழியில் 1752-இல் இரத்தம் சிந்திய தேவசகாயம் பிள்ளை, 2012-இல்தான் முத்திப்பேறு பெற்றவராகவும், 2022-இல் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். சதுரங்க வீரரைப் புனிதரோடு ஒப்பிடுவதாக யாரும் எண்ண வேண்டாம். காத்திருக்கும் வழக்கத்தைத்தான் சொல்கிறோம். பங்குத் தந்தை மாற்றலாகிச் சென்ற மறுநாளே அவரது பணிக்காலம் முழுவதற்கும் மதிப்பெண் போட்டுவிடுகிறவர்கள் அல்லவா நாம்?

2014 மார்ச்சில், ரஷ்யாவின் காந்தி மான்சிஸ்க் நகரில், அடுத்த போட்டியாளரைத் தேர்ந்தெடுக்கும் பதினான்கு சுற்றுகளிலும் தோல்வியே காணாமல் ஆனந்த் முதலிடம் பெற்றார். அவ்வாண்டு நவம்பரில் சோச்சியில் மீண்டும் கார்ல்சனிடம் தோற்றார். தீர்ப்புகள் மீண்டும் அச்சேறின. 2017 டிசம்பரில் ரியாத்தில், நாற்பத்தெட்டாம் வயதில், உலக விரைவுச் சதுரங்கப் பட்டத்தை வென்றார். அப்போட்டியில் கார்ல்சனையும் ஓர் ஆட்டத்தில் வீழ்த்தினார்.

பின்னர் அவர் இளைஞர்களுக்கு வழிகாட்டத் தொடங்கினார். அவர்களுள் ஒருவரான சென்னைச் சிறுவர் குகேஷ், முப்பத்தேழு ஆண்டுகளாக ஆனந்த் வகித்த இந்திய முதலிடத்தை 2023 செப்டம்பரில் தரவரிசையில் கைப்பற்றினார். 2024 டிசம்பரில், பதினெட்டு வயதில், சிங்கப்பூரில் உலக வாகையரானார். வென்ற பின் அவர் ஒரு பழைய நினைவைச் சொன்னார். 2013-இல் சென்னையில் ஆனந்த் தோற்ற அந்தப் போட்டியைப் பார்வையாளர் வரிசையிலிருந்து பார்த்தாராம். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஆடிய இருவரையும் கண்டு, ஒருநாள் நாமும் அதனுள்ளே அமர வேண்டும் என்று எண்ணினாராம். அப்போது அவருக்கு வயது ஏழு.