உள்பக்கம் திறக்கும் கதவு

இன்று ஒரு கதவைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காமல் கடைசி வரை படியுங்கள்.

சென்ற கார்த்திகை மழையில் ஒரு விடியற்காலை, நூம்பல் வீட்டுக் குளியலறையில் என் மனைவி வழுக்கி விழுந்துவிட்டார். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தார். எழ முடியாமல் கதவை ஒட்டியே கிடந்தார். அது உள்பக்கம் திறக்கும் கதவு. உடைத்துத் தள்ளினால் அவர் மேல்தான் இடிக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஓடிவந்து வெண்டிலேட்டர் கண்ணாடிகளைக் கழற்றினார்கள். மெலிந்த பையன் ஒருவன் உள்ளே இறங்கி அவரை நகர்த்தித் தாழ்ப்பாளை எடுத்தான். அரை மணி நேரம் ஆயிற்று. மணிக்கட்டு எலும்பு முறிவோடு போனது கடவுள் புண்ணியம்.

பார்க்க வந்தவர்களில் 1994இல் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த மாணவன் ஒருவன். சினிமா படப்பிடிப்புக் கேரவன்களுக்கு உள்வேலை செய்கிறான். நலம் விசாரித்துவிட்டு நேரே போய்க் கதவைப் பார்த்தான்.

"சார், நாங்க வண்டியில பாத்ரூம் கதவை உள்பக்கம் திறக்கிற மாதிரி வைக்க மாட்டோம். இடமே இருக்காது. வெளியே திறக்கணும், இல்லேன்னா பக்கவாட்டுல நகரணும். மூடினாலும் திறந்தாலும் பிடிச்சு நிறுத்த கொக்கி வேணும். பிரேக் போட்டா கதவு படார்னு அடிக்கும். நீங்க பஸ் உதாரணம் சொல்லி நடத்தின நிலைமம்தான் சார்!" என்றான்.

அடுத்த ஞாயிறு கருவிப் பையோடு வந்தான். பழைய கதவையும் நிலையையும் எடுத்துவிட்டு, வெளிப்பக்கம் திறக்கும் பிவிசி கதவு வைத்தான். எடை குறைவு, தண்ணீரில் ஊறாது. உள்ளே பூட்டியிருந்தாலும், அவசரத்துக்கு வெளியே இருக்கும் பள்ளத்தில் நாணயத்தை வைத்துத் திருப்பினால் திறக்கும் பூட்டு போட்டான்.

படுக்கையறை மரக்கதவும் மழையில் உப்பி இறுகியிருந்தது. நான் இழைப்புளியை எடுத்தேன். தடுத்துவிட்டான். "மரம் ஈரம் குடிச்சா அகலத்துலதான் உப்பும் சார். இப்போ இழைச்சா பங்குனியில இடைவெளி விழும். காய்ஞ்ச பிறகும் உரசினா மட்டும் கொஞ்சம் இழைங்க. மேல் விளிம்பு, கீழ் விளிம்புக்கும் பெயிண்ட் அடிங்க. அங்கேதான் ஈரம் ஏறும்." ஆடிய கீலின் ஸ்க்ரூ ஓட்டைகளில் தீக்குச்சியைப் பெவிகால் தடவிச் செருகி, காய்ந்ததும் முடுக்கினான். அன்று அவன் ஆசிரியர், நான் மாணவன். கூலி வாங்கவே மறுத்துவிட்டான்.

பிள்ளைகளே, அடுத்த முறை அப்பா அம்மா வீட்டுக்குப் போகும்போது குளியலறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, வெளியிலிருந்து திறக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றும் வரை, தாழ்ப்பாள் போடாமல் சாத்திவிட்டுக் குளிக்கச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் கதவுக்கு மேலே ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டி வைத்திருக்கிறேன். அதை எடுக்கும் தேவை வரவே கூடாது என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.