லாகூர் மோல் வீதியில் ஒரு மாலைப்பொழுது

பயிற்சிப் பட்டறை ஒன்றில் கலந்துகொள்வதற்காகப் பாகிஸ்தானின் லாகூர் நகருக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஒருநாள் மாலை, அங்கு பணியாற்றும் மூத்த சகோதரி ஒருவர் என்னை மோல் வீதிக்கு அழைத்துச் சென்றார். எல்லோரும் அவரைப் ‘பாஜி’ என்றே கூப்பிட்டார்கள். நாம் ‘அக்கா’ என்பதை உருதுவில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இருமருங்கும் பழைய பெருமரங்கள் நிற்கும் அகன்ற வீதி அது. செங்கற் கட்டடமான மேல் நீதிமன்றத்தின் அருகே பாஜி நின்றார். “எங்கள் பெண்கள் அடிவாங்கிய இடம் இது” என்றார்.

1977 இல் ஆட்சியைக் கைப்பற்றிய ஜெனரல் ஸியா உல் ஹக்கின் காலம். ஓர் ஆணின் சாட்சியத்துக்கு இரண்டு பெண்களின் சாட்சியமே சமன் என்று சட்டமொன்றைக் கொண்டுவர முயன்றார்கள். அதை எதிர்த்து 1983 பெப்ரவரி 12 ஆம் திகதி சில நூறு பெண்கள் இவ்வழியாக நீதிமன்றத்தை நோக்கி நடந்தார்கள். பொலிஸார் தடியடி நடத்தினார்கள், கண்ணீர்ப்புகை அடித்தார்கள். 1984 இல் சட்டம் வந்தே விட்டது. பணம் சம்பந்தமான எழுத்துமூல உடன்படிக்கைகளுக்கு அந்த அளவுகோல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆயினும் பெப்ரவரி 12 இன்று பாகிஸ்தானின் தேசிய மகளிர் தினம்.

அக்காலத்தில் பெண்களின் குரலாக ஒலித்த உருதுக் கவிஞர்களில் ஒருவர் கிஷ்வர் நாஹீத். அவர் 1940 இல் இந்தியாவின் புலந்த்ஷஹரில் பிறந்தவர். 1947 பிரிவினைக் கலவரத்தில் கடத்தப்பட்டு மீண்டுவந்த பெண்களைச் சிறுமியாக இருந்தபோதே பார்த்தவர். அவர்களுடைய பாதங்களில் இருந்த இரத்தம் அவர் மனதை விட்டு அகலவில்லை. 1949 இல் குடும்பம் லாகூருக்கு இடம்பெயர்ந்தது.

பெண் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்ற வீட்டில், போராடித்தான் படித்தார். மோல் வீதியிலேயே பழைய வளாகத்தைக் கொண்ட பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் பொருளியலில் முதுமாணிப் பட்டம் பெற்றார். 1968 இல் வெளிவந்த முதல் தொகுதிக்கே ஆதம்ஜீ இலக்கிய விருது கிடைத்தது. கணவரை இழந்தபின் இரண்டு ஆண் பிள்ளைகளையும் தன் உழைப்பில் வளர்த்தார்.

‘நாங்கள் பாவிப் பெண்கள்’ என்பது அவருடைய புகழ்பெற்ற கவிதை. அதிகாரத்துக்குத் தலைவணங்காத பெண்ணை உலகம் பாவி என்கிறது. அப்படியானால் அந்தப் பெயரையே ஏற்றுக்கொள்வோம் என்கிறார். பாகிஸ்தானியப் பெண் கவிஞர்களின் ஆக்கங்கள் 1991 இல் லண்டனில் ஆங்கிலத்தில் தொகுக்கப்பட்டபோது, இத்தலைப்பே அந்நூலுக்கும் வைக்கப்பட்டது.

என்னைக் கவர்ந்தது இன்னொன்று. அவர் கவிதையோடு நின்றுவிடவில்லை. வீட்டிலிருந்தபடியே கைப்பணி செய்யும் பெண்கள் தமக்கென்று வருமானம் பெறுவதற்காக ‘ஹவ்வா’ என்ற அமைப்பை உருவாக்கினார். கையில் நாலு காசு இல்லாத பெண்ணால் வாய் திறந்து பேசுவதும் கடினம் என்பதை நம்மில் யார்தான் அறியவில்லை?

திரும்பும் வழியில் எனக்கு நம் ஊர்த் தாய் ஒருவரின் நினைவு வந்தது. காணாமல் போன மகனைப் பற்றி விபரம் எடுக்கப் படிவத்தோடு போயிருந்தேன். “எத்தனை தரம் பிள்ளை எழுதுவியள்?” என்று கேட்டார். படிவத்தில் பெயர், வயது, திகதி என்று கட்டங்கள் இருந்தன. அவர் மகனுக்குப் பிடித்த கறியைப் பற்றிச் சொன்னார். அதற்குக் கட்டம் இல்லாததால் நான் எழுதவில்லை. அன்று நானும் அவருடைய சாட்சியத்தைப் பாதியாக்கிவிட்டேன் என்பதை மோல் வீதியில்தான் உணர்ந்தேன்.

சகோதரிகளே, கவிதை எழுதத் தெரியாது என்று தயங்க வேண்டாம். பிள்ளையின் பழைய கொப்பியில் மிச்சமுள்ள தாள்கள் போதும். கண்டதையும் பட்டதையும் உங்கள் சொற்களிலேயே எழுதுங்கள். எழுத முடியாதவர்கள் சொல்ல, பக்கத்திலிருப்பவர் எழுதட்டும். அடுத்த முறை நான் வரும்போது, படிவத்தை வைத்துவிட்டு முதலில் அதைத்தான் கேட்பேன்.