மருத்துவமனை மாதங்கள்

2014 தொடக்கத்தில் ஒரு சாயங்காலம், சென்னிமலைக்காரர் ஒருவர் மனைவியோடு ஈரோட்டில் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். போர்வை நெய்யும் கைத்தறி நெசவாளர். வலது காலில் செருப்பைத் துணியால் சுற்றிக் கட்டியிருந்தார். முந்தின வருஷம் சர்க்கரை நோயால் அந்தக் காலில் மூன்று விரல்களை எடுத்திருந்தார்கள். நூல் வியாபாரி ஒருவருக்கு எழுதிக்கொடுத்த பிராமிசரி நோட்டின் மேல் வழக்கு நடந்து, இவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகி, இப்போது நிறைவேற்று மனு வந்திருந்தது. உங்களை ஏன் சிவில் சிறையில் வைக்கக்கூடாது என்று காரணம் கேட்கும் நோட்டீஸ் அவர் கையில் இருந்தது.

"வாங்குனது நெசந்தானுங்க சார். இல்லைன்னு சொல்ல மாட்டேன்" என்றார், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே.

ஒருதலைத் தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட்டு ஒன்றிரண்டு வருஷம் இழுத்திருக்கலாம். கடனையே மறுக்காத மனிதருக்கு அதனால் வட்டி ஏறுவதைத் தவிர வேறொன்றும் நடக்காது. அந்த வழியை அன்றே விட்டுவிட்டேன்.

மொத்தக் கடன் எவ்வளவு என்று கேட்டேன். "ஒரு மூணு லச்சம் இருக்குமுங்க" என்றார். மனைவி ஒன்றும் பேசாமல் கட்டைப்பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். தினக்காலண்டரில் கிழித்த தாள்கள். ஒவ்வொன்றின் பின்பக்கமும் யாருக்கு, என்றைக்கு, எவ்வளவு என்று பென்சிலால் எழுதியிருந்தது. இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து அதை ஒரு பட்டியலாக்கினோம். நூல் வியாபாரிக்கு அசல் 1,80,000. வட்டியும் செலவுத்தொகையும் சேர்ந்து 2,31,000. வட்டிக்காரர் ஒருவரிடம் பத்து வட்டிக்கு 50,000. மனைவி பெயரில் மகளிர் குழுக்கடன் 40,000. நகைக்கடன் 62,000. மச்சானிடம் கைமாத்து 60,000. மளிகைக்கடையில் 11,500. கால் ஆபரேஷனுக்காக அக்காவிடம் வாங்கியது 85,000. கூட்டினால் 5,39,500. அந்தத் தொகையைப் பார்த்துவிட்டு அவர் ரொம்ப நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அந்தக் கணக்கை அவர் மாதக்கணக்கில் தனியாகச் சுமந்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கூட வந்திருந்த உறவுக்காரர் ஒருவர், "மஞ்சக் கடுதாசி குடுத்துரலாமுங்களா?" என்று கேட்டார். கடனில் முழுகியவர்களின் வீட்டில் எப்போதும் எழும் கேள்விதான் இது. நொடிப்பு நிலை மனுவுக்கு எங்கள் ஊர்ப்பக்கம் மஞ்சக் கடுதாசி என்றுதான் பெயர். 1920ஆம் வருஷத்து மாகாண நொடிப்புச் சட்டம் மாவட்டங்களில் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. 500 ரூபாய் கடன் இருந்தாலே மனுப் போடலாம் என்று அந்தக் காலத்துத் தொகையே அதில் இருக்கிறது. 2016இல் புதிய நொடிப்புச் சட்டம் வந்தபோதும், சாதாரணத் தனிமனிதர்களுக்கான பகுதி அமலுக்கு வரவில்லை. ஆகவே நெசவாளரும் சிறு கடைக்காரரும் இன்றும் சார்பு நீதிமன்றத்தில் அந்தப் பழைய சட்டத்தின் கீழ்தான் நிற்கிறார்கள்.

மனுப் போட்டால் கைதிலிருந்து பாதுகாப்புக் கேட்கலாம். நகையை அடகு பிடித்தவரை மட்டும் அது தடுக்காது என்று விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெசவாளர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

"கடுதாசி குடுத்தவனுக்கு எவனுங்க பாவு குடுப்பான்?"

தறிக்காரர்கள் ஊரில், தறியில் ஏற்றும் பாவு நூலை ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு வியாபாரிகள் ஒருவர் வீட்டில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். பெரும்பாலும் ஒரு நோட்டில் வரவு எழுதுவதோடு சரி. அந்த நம்பிக்கைதான் நெசவாளருடைய முதல். சட்டம் கடனைத் தள்ளிவைக்கும். பாவை யாரும் இறக்கமாட்டார்கள். அன்றைக்கு நொடிப்பு மனுவை ஓரமாக வைத்தோம். வரைவு மட்டும் தயாராக என் பெட்டியில் இருந்தது, வேறு வழியே இல்லையென்றால் போடுவதற்கு.

கைது மனுவுக்குப் பதில் போடுவதில் சிரமம் இல்லை. 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் எதிர் கொச்சி வங்கி வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, கொடுக்க முடியாதவனையும் கொடுக்க மறுப்பவனையும் பிரித்துக் காட்டியது. வசதி இருந்தும் கெட்ட எண்ணத்தோடு மறைக்கிறார் என்று கடன் கொடுத்தவர் நிரூபிக்க வேண்டும். வெறும் இல்லாமைக்காக ஒருவரைச் சிறையில் வைக்க முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 59ஆம் பிரிவில், கடுமையான நோய் இருந்தால் கைது வாரண்டையே நீதிமன்றம் ரத்து செய்யலாம். 60ஆம் பிரிவில், கைவினைஞரின் கருவிகளை ஜப்தி செய்ய முடியாது. சமையல் பாத்திரமும் படுக்கையும் அதே பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பட்டியலைப் படிக்கும்போதெல்லாம், அதை எழுதியவர்கள் ஜப்தி நடந்த ஒரு வீட்டையாவது நேரில் பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றும்.

அவருக்கு மூன்று தறிகள். ஒன்றில் அவர் நெய்தார். மற்ற இரண்டில் கூலிக்கு நெய்தவர்கள், இவர் படுத்ததும் பெருந்துறை சிப்காட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் சரியான இடத்தைப் பிடித்தார்: ஒரு தறி கருவி, ஒப்புக்கொள்கிறேன், ஆள் வைத்து ஓட்டிய இரண்டு தறிகள் கருவியா, முதலீடா? நியாயமான கேள்வி. அதை வாதாடித் தீர்க்கவில்லை. யாரும் நெய்யாத அந்த இரண்டு தறிகளையும் 22,000 ரூபாய்க்கு விற்று, விற்றதை ஒளிக்காமல் நீதிமன்றத்தில் மெமோவாகத் தாக்கல் செய்தோம். பணம் முழுக்கக் குழுக்கடனுக்குப் போனது. அதில் மனைவி பிடிவாதமாக இருந்தார். "நாங் கட்டலைன்னா மத்த பத்துப் பொம்பளைங்க சேர்ந்து கட்டோணுமுங்க. அவுங்க வூட்லயும் தறி நின்னுதான் கெடக்குது" என்றார்.

சாட்சிக் கூண்டில் அவரை உட்கார வைக்க நீதிபதியே நாற்காலி போடச் சொன்னார். விசாரணை முடிந்ததும், நீங்களே பேசி ஒரு தவணை போட்டுக்கொண்டால் என்ன என்று இரண்டு தரப்பையும் கேட்டார். பேசினோம். அவர்கள் மாதம் 10,000 கேட்டார்கள். நான் 8,000த்துக்கு இறக்கினேன். 2,31,000, 29 தவணை. இரண்டு தவணை தொடர்ந்து தவறினால் முழுத்தொகையும் ஒரே நேரத்தில் கட்ட வேண்டும் என்ற ஷரத்தோடு கூட்டு மெமோ எழுதிக் கையெழுத்துப் போட்டோம். கட்சிக்காரரிடம் படித்துக் காட்டி, சம்மதமா என்று கேட்டேன். "சரிங்க" என்றார். எங்கள் பக்கத்து மனிதர்கள் வக்கீலிடமும் டாக்டரிடமும் எல்லாவற்றுக்கும் சொல்லும் அந்தச் சரிங்கவை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

முதல் தவணைக்கு மனைவியின் தோடு போனது. இரண்டாவது தவணைக்கு நெசவாளர் தறியில் உட்கார்ந்தார். மூன்றாவது தவணை வரவில்லை. போன் போட்டேன், எடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே சென்னிமலை போனேன்.

தறிக்கு மிதி போடக் கால் வேண்டும். மூன்று விரல் போன முன்பாதத்தால் மிதித்திருக்கிறார். சர்க்கரை நோய் நரம்பைக் கெடுத்திருந்ததால் வலி தெரியவில்லை. புண் உடைந்து, வாடை அடித்த பிறகுதான் மனைவி பார்த்திருக்கிறார். நான் போனபோது அரசு மருத்துவமனையில் பாதத்தின் முன்பகுதியை எடுத்திருந்தார்கள். அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது எதிரே மலை தெரிந்தது. வருஷா வருஷம் பாவு இறக்கும் முன் 1,320 படியும் ஏறி முருகனைக் கும்பிட்டு வருகிறவர் என்று மனைவி சொன்னார்.

அந்தப் புண்ணுக்கு நான் எழுதிய மெமோ ஒரு காரணம். வியாபாரி கேட்ட தொகையிலிருந்து தொடங்கி, அதை வகுத்து, குறைத்துவிட்டேன் என்று திருப்திப்பட்டேன். ஒரு நாளைக்கு உங்களால் எத்தனை மணி நேரம் வேலை செய்ய முடியும், எந்த வேலை செய்ய முடியும், டாக்டர் என்ன சொன்னார் என்று ஒரு கேள்விகூட நான் கேட்கவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டு என் வழக்குக் கட்டிலேயே இருந்தது, கைதைத் தடுக்கும் ஆவணமாக. தறியில் மிதி போடக்கூடாது என்பதுபோல அதில் ஒரு வரி இருந்ததை அப்புறம்தான் கவனித்துப் படித்தேன்.

மறுபடி தொடங்கினோம், இந்த முறை கடைசியிலிருந்து. அவர் கையால் என்ன முடியும்? பாவு பிணைக்க முடியும். தறியில் ஓடி முடிந்த பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையை விரலால் முறுக்கிச் சேர்க்கும் வேலை. உட்கார்ந்தபடியே செய்யலாம், காலுக்கு வேலையில்லை. ஆயிரக்கணக்கான இழையை ஒன்றுவிடாமல் சேர்க்கப் பொறுமையும் கண்ணும் வேண்டும், அவ்வளவுதான். மிச்சமிருந்த தறியில் மனைவி உட்காருவது என்று முடிவாயிற்று. அவருக்கும் நெசவு தெரியும். இத்தனை நாள் ஊடைநூலுக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்தார்.

இரண்டு பேர் வருமானமும் மாதம் 9,300 வரும் என்று கணக்கு. வீட்டு வாடகை 1,500, சாப்பாடும் கரண்டும் 3,600, மருந்துக்கும் போக வரவும் 900, குழுக்கடன் 800. மீதி 2,500. அதில் 2,000 தவணைக்கு. 500ஐ மனைவி தனியாக வைக்க வேண்டும், உடம்புக்காக, யாரும் தொடக்கூடாது. இந்தக் கணக்கை நான் எழுதவில்லை; மனைவிதான் காலண்டர் தாளில் எழுதினார், நான் தட்டச்சு செய்தேன்.

மருத்துவச் செலவில் ஓர் ஓட்டை இருந்தது, அதையும் அடைத்தோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில் வந்துவிட்டது. அப்போது ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருந்தால் அட்டை கிடைக்கும். இந்தக் குடும்பம் வாங்கியிருக்கவில்லை. முதல் ஆபரேஷனுக்கு அக்காவிடம் வாங்கிய 85,000 அப்படி வந்த கடன். அதுவரையான வருமானத்துக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி அட்டை எடுக்க என் குமாஸ்தாவே கூடப் போய்வந்தார். இன்சுலினும் அதன் பிறகு அரசு மருத்துவமனையில்தான்.

2014 கடைசியில் மக்கள் நீதிமன்றத்தில் உட்கார்ந்தோம். வியாபாரி நேரில் வந்திருந்தார். அதுவரை அவரை நான் காகிதத்தில்தான் பார்த்திருந்தேன். கட்டுப்போட்ட காலைப் பார்த்ததும் எழுந்து, "என்றா இது, எனக்கு யாரும் சொல்லவேயில்லையே" என்றார். இருபது வருஷம் நூல் கொடுத்து வாங்கியவர்கள். என் கணக்கை அவர் முன் வைத்தேன். சிறையில் வைத்தால் படிக்காசை அவர்தான் கட்ட வேண்டும் என்பதையும், மூன்று மாதம் உள்ளே இருந்து வந்தாலும் கடன் அப்படியே நிற்கும் என்பதையும் அவருடைய வக்கீலே அவருக்கு எடுத்துச் சொன்னார். அந்த வக்கீல் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. வட்டியும் செலவுத்தொகையும் தள்ளி, கட்டிய 16,000 போக, அசலிலும் கொஞ்சம் குறைத்து, இனி 1,40,000 என்று முடிவானது. மாதம் 2,000, 70 தவணை.

அதன் பிறகு வியாபாரி நல்லெண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னார்: "எந்தறிகளுக்கே பாவு பிணைக்கட்டுமுங்க. கூலியில நானே கழிச்சுக்கறேன்." நான் மறுத்தேன். கடனுக்கு ஈடாக ஒருவருடைய உழைப்பைப் பிடித்துவைப்பது எங்கே போய் நிற்கும் என்பது தெரிந்துதான் 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. இந்த மனிதர் நல்லவர். நாளைக்குக் கணக்குப் பார்க்கும் இவர் மகன் எப்படியோ? வேலை கொடுங்கள், கூலியை முழுசாகக் கையில் கொடுங்கள், தவணையை அவர் வங்கியில் கட்டுவார் என்றேன். அவர் கொஞ்சம் மனம் வருந்தினார், ஒப்புக்கொண்டார்.

கடைசியாக ஒரு ஷரத்து. நெசவாளர் மருத்துவமனையில் உள்நோயாளியாக இருக்கும் மாதங்களில் தவணை தவறியதாகக் கருதக்கூடாது, அந்த மாதங்கள் கடைசியில் சேரும், வட்டி கிடையாது. மக்கள் நீதிமன்றத் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை, எழுதினால் எழுதினதுதான். ஆகவே ஒவ்வொரு வார்த்தையையும் இரண்டு முறை படித்துக் காட்டினேன். இந்த முறை அவர் சரிங்க என்று சொன்னபோது, எது சரி என்று திருப்பிச் சொல்லச் சொன்னேன். சொன்னார்.

வட்டிக்காரர் விஷயம் சீக்கிரம் முடிந்தது. 50,000க்கு மாதம் 5,000 வீதம் பதினான்கு மாதம், 70,000 கட்டியாகிவிட்டது. தொகை எழுதாத காசோலை ஒன்று அவர் கையில். 2003ஆம் வருஷத்து அதீத வட்டித் தடைச் சட்டத்தில் மூன்று வருஷம் வரை சிறை உண்டு என்று நோட்டீஸ் அனுப்பினேன். காசோலையும் நோட்டும் என் அலுவலகத்துக்கே திரும்பி வந்தன. நகையை ஏலத்துக்கு விடாமல் மீட்டு விற்றதில் கையில் நின்ற பணம் மளிகைக்கடைக்குப் போனது.

தவணைகள் போயின. இடையில் இரண்டு முறை அவர் படுத்தார், மொத்தம் நான்கு மாதம். 2020இல் ஊரடங்கு வந்து தறிகள் நின்றபோது, வியாபாரியே எனக்குப் போன் செய்தார். "அந்த ஆஸ்பத்திரி மாசம்னு எழுதுனமே, அதுலயே இதையும் சேர்த்துக்கச் சொல்லிருங்க. எங்கடையும் பூட்டித்தான் கெடக்குது" என்றார். அப்படிச் சேர்க்கிற ஷரத்து எங்கள் காகிதத்தில் இல்லை. அவர் சொன்னார், நான் போய் நெசவாளரிடம் சொன்னேன்.

2021இல் எழுபதாவது தவணை கட்டி முடிந்தது. முழுத்தொகையும் தீர்ந்ததாகப் பதிவு செய்து, சான்றிட்ட நகல் வாங்கிக் கொடுத்தேன். மனைவி அதை நான்காக மடித்துக் கட்டைப்பையில், அந்தக் காலண்டர் தாள்களோடு வைத்தார். அவர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"இனி அந்த ரெண்டாயிரத்துல ஆயிரம் அக்காவுக்குங்க சார், ஆயிரம் மச்சானுக்குங்க. அக்கா வேண்டாம்னுதான் சொல்லும். பட்டியல்ல நீங்க எழுதியிருக்கறீங்களே."