பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்

"கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறார்கள். கேலரியில் நாலு பேர் ஏதோ கத்தினால் காதில் போட்டுக்கொள்ளாமல் ஆட வேண்டியதுதானே?"

ஐரோப்பாவில் கறுப்பின வீரர் ஒருவரை ரசிகர்கள் நிறம் சொல்லி இழிவுபடுத்திய செய்தி வரும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. என் நண்பர்கள், என்னிடம் படித்தவர்கள், ஒன்றிரண்டு சக ஆசிரியர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கே ஒருமுறை எழுதிவிடலாம் என்று நினைத்தேன். கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2023 மே 21. ஸ்பெயினில் வலென்சியாவின் மெஸ்டாயா மைதானம். ரியல் மாட்ரிட் அணிக்கு ஆடும் பிரேசில் வீரர் வினிசியஸ் ஜூனியரைப் பார்த்து, கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்த கேலரியிலிருந்து குரங்கு என்று கத்துகிறார்கள். அவர் ஆட்டத்தை விட்டுவிட்டு, கத்திய ஆளைக் கையால் சுட்டி நடுவரிடம் காட்டுகிறார். ஆட்டம் நிற்கிறது. ஒலிபெருக்கியில் எச்சரிக்கிறார்கள். சில நிமிடம் கழித்து ஆட்டம் தொடர்கிறது. கடைசி நிமிடங்களில் வீரர்களுக்குள் தள்ளுமுள்ளு. எதிரணி வீரர் ஒருவர் வினிசியஸின் கழுத்தைப் பின்னாலிருந்து வளைத்துப் பிடித்திருந்தார். வினிசியஸ் கையை வீசியது மட்டும் நடுவர் கண்ணில் பட்டது. சிவப்பு அட்டை.

அன்றைக்கு மைதானத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர் யார் என்று பாருங்கள். திட்டு வாங்கியவர் வெளியே போனார். அந்த அட்டையை இரண்டொரு நாளில் ரத்து செய்தார்கள் என்பது வேறு விஷயம்.

இது அபூர்வமான சம்பவம் என்று நினைக்க வேண்டாம். 2017 ஏப்ரல் 30, இத்தாலியின் காலியரி. பெஸ்காரா அணிக்கு ஆடிய கானா நாட்டு வீரர் சுல்லி முன்டாரி. முதல் பாதியில் தன்னை நிறம் சொல்லிக் கத்திய கூட்டத்தில் ஒரு சின்னப் பையனும் இருந்தான், அவனுடைய பெற்றோரும் அருகிலேயே இருந்தார்கள் என்று பிறகு அவர் சொன்னார். அந்தப் பையனிடம் போய், இப்படிச் செய்யக் கூடாது என்று சொல்லி, தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தாராம். ஆசிரியர் வேலையை அவர் செய்திருக்கிறார்! இரண்டாம் பாதியில் வேறொரு மூலையில் ஆரம்பித்தார்கள். ஆட்டத்தை நிறுத்துங்கள் என்று நடுவரிடம் கேட்டார். நடுவர் மஞ்சள் அட்டையை எடுத்து முன்டாரிக்கே காட்டினார். அவர் மைதானத்தை விட்டு வெளியே நடந்தார். அனுமதி இல்லாமல் வெளியேறியதற்கு இரண்டாவது மஞ்சள் அட்டை. அதற்கு ஒரு ஆட்டத் தடை. உலகமே சத்தம் போட்ட பிறகுதான் அந்தத் தடையை நீக்கினார்கள்.

காலியரி கிளப்புக்குத் தண்டனை இல்லை. காரணம், கத்தியது சுமார் பத்துப் பேர்தானாம். முப்பத்து மூன்று வருடம் வகுப்பெடுத்தவன் என்ற முறையில் இதை என்னால் புரிந்துகொள்ளவே முடியவில்லை. பத்தாயிரம் பேர் கத்தியிருந்தால் யாரைப் பிடிப்பது என்று திணறலாம். பத்துப் பேர் என்றால் ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிடலாமே! குறைவான பேர் என்பது கண்டுபிடிக்க வசதியே தவிர, விட்டுவிடுவதற்குச் சாக்கு இல்லை.

விதிகள் இல்லாமல் இல்லை. ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஈஎஃப்ஏ 2009-லேயே மூன்று படி வைத்தது. முதலில் ஆட்டத்தை நிறுத்தி எச்சரிப்பது. அடங்காவிட்டால் வீரர்களை உள்ளே அனுப்பிச் சிறிது நேரம் காத்திருப்பது. அதற்கும் அடங்காவிட்டால் ஆட்டத்தையே கைவிடுவது. மூன்றாம் படிக்குப் போக யாருக்கும் மனசு வருவதில்லை. 2019 அக்டோபரில் சோஃபியாவில் பல்கேரியாவும் இங்கிலாந்தும் ஆடியபோது இரண்டு முறை நிறுத்தினார்கள். பிறகு ஆடி முடித்தார்கள், இங்கிலாந்து 6-0. இத்தனைக்கும், முன்பு நடந்த இதே குற்றத்துக்காக அந்த மைதானத்தின் ஒரு பகுதியை ஏற்கெனவே மூடி வைத்திருந்தார்கள்.

2013 ஜனவரியில் இத்தாலியில் நடந்த ஒரு நட்பு ஆட்டத்தில் ஏசி மிலானின் கெவின் பிரின்ஸ் போவாட்டெங் பந்தைக் கையில் எடுத்து, கத்தியவர்கள் இருந்த கேலரியை நோக்கி உதைத்துவிட்டு வெளியே நடந்தார். மொத்த அணியும் பின்னால் போனது. ஆட்டம் அதோடு முடிந்தது. அப்போதைய ஃபிஃபா தலைவர் செப் பிளாட்டர், வெளியேறுவது தீர்வாகாது என்றார். அதாவது, நின்று வாங்கிக்கொள் என்பது.

இந்த இடத்தில் என் வேலைக்கு வருகிறேன். நான் எடுத்த வகுப்புகளில் நிறத்தை வைத்துப் பட்டப்பெயர் சுமக்காத வகுப்பு ஒன்றுகூட நினைவில்லை. காக்கா, கரிச்சட்டி, அட்டைக்கரி. வைப்பவர்களுக்கு அது கிண்டல். புகார் வந்தால் பெரியவர்கள் சொல்லும் ஆறுதல் எப்போதும் ஒன்றுதான்: "நீ கண்டுக்காத. நல்லாப் படிச்சு அவங்க வாயை அடை." நல்ல மனசோடு சொல்வதுதான். ஆனால் அதன் அர்த்தம் என்ன? மற்ற பிள்ளைகள் சும்மாவே மரியாதையோடு உட்கார்ந்திருக்கலாம். இந்தப் பிள்ளை மட்டும் மார்க் எடுத்துத் தன் மரியாதையைச் சம்பாதிக்க வேண்டும்.

கால்பந்திலும் அதேதான். 2025 ஆகஸ்டில், இங்கிலாந்தின் பிரீமியர் லீக் தொடங்கிய அன்று, லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் போர்ன்மவுத் வீரர் அன்டோயின் செமென்யோ ஒரு பார்வையாளர் தன்னை இழிவாகப் பேசியதாக நடுவரிடம் சொன்னார். நடுவர் உடனே ஆட்டத்தை நிறுத்தினார். இரு அணிப் பயிற்சியாளர்களையும் அழைத்துச் சொன்னார். அந்த ஆளைக் காவல்துறை வெளியேற்றியது. இது சரியான முறை. பிறகு செமென்யோ இரண்டு கோல் அடித்தார். கோலால் பதில் சொன்னார் என்று எல்லோரும் மெச்சினார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒரு கோல்கூட அடிக்காமல் போயிருந்தால்?

அதற்கும் உதாரணம் இருக்கிறது. 2021 ஜூலை 11, யூரோ இறுதிப் போட்டி. இத்தாலிக்கு எதிரான பெனால்டிகளை இங்கிலாந்தின் மார்கஸ் ரஷ்ஃபோர்ட், ஜேடன் சாஞ்சோ, புகாயோ சாகா மூவரும் தவறவிட்டார்கள். சாகாவுக்கு வயது 19. அன்றிரவே அவர்களுடைய சமூக வலைதளப் பக்கங்களில் குரங்குப் படங்களாகக் கொட்டினார்கள். கோல் போடுவதை வைத்துத்தான் மரியாதை என்றால், தவறவிடும் அன்றைக்கு அது பறிபோகும்.

எங்கள் குமரிக் கடற்கரைப் பையன்களுக்குக் கால்பந்து என்றால் உயிர். பல வருடங்களுக்கு முன் குறுவட்டப் போட்டிக்கு எங்கள் அணியுடன் நானும் துணைக்குப் போயிருந்தேன். எங்கள் கோல்கீப்பர் மீனவர் வீட்டுப் பையன், நல்ல கறுப்பு. கோல் கம்பத்துக்குப் பின்னால் கயிறு கட்டியிருந்தார்கள். அதை ஒட்டி நின்ற வேறு பள்ளிப் பையன்கள் முதல் பாதி முழுவதும் அவன் நிறத்தையும் அவன் வீட்டுத் தொழிலையும் சொல்லிக் கத்தினார்கள். இடைவேளையில் அவன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எங்கள் பி.டி. சார் நடுவரிடம் போய்ச் சொன்னார். "சின்னப் பசங்க சார், விடுங்க" என்று பதில் வந்தது.

பி.டி. சார் சண்டை போடவில்லை. பையனுக்கு அறிவுரையும் சொல்லவில்லை. நேராகப் போய்க் கயிற்றுக்குப் பின்னால் அந்தப் பையன்கள் நடுவிலேயே நின்றுகொண்டார். இரண்டாம் பாதி முழுவதும் அங்கேயே நின்றார். ஒரு சத்தம் வரவில்லை. ஆட்டத்தில் 2-1 என்று தோற்றோம். ஆனால் அந்தப் பையன் இரண்டாம் பாதியில் பந்தை மட்டும் பார்த்து ஆடினான்.

அவர் செய்தது சின்ன வேலை. கத்துகிறவன் பக்கத்தில் ஒரு ஆள் நின்றார், அவ்வளவுதான். இத்தனை பெரிய கால்பந்து உலகத்தில் இல்லாமல் போனது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

2024 ஜனவரியில் இத்தாலியின் உடினே நகரில் ஏசி மிலான் கோல்கீப்பர் மைக் மெனியான் இதே காரணத்துக்காக வெளியே நடந்தார். அணியும் உடன் போனது. சில நிமிடம் கழித்துத் திரும்பி வந்து ஆடினார்கள். பிறகு அவர் எழுதியதில் ஒரு விஷயம் என்னைத் தைத்தது. கத்தியவர்களை மட்டும் அவர் சொல்லவில்லை. எல்லாவற்றையும் பார்த்தும் கேட்டும் வாய் மூடிப் பக்கத்தில் இருந்த பார்வையாளர்களும் உடந்தை என்றார்.

மைதானத்தை மூடிவிட்டால் சரியாகிவிடுமா? இதற்கு 2022 ஜூன் 4 அன்று புடாபெஸ்ட் பதில் சொன்னது. முந்தைய ஆட்டங்களில் ரசிகர்கள் நடந்துகொண்ட விதத்துக்காக, ஹங்கேரி தன் சொந்த மைதானத்தில் பார்வையாளர் இல்லாமல் ஆட வேண்டும் என்று தண்டனை. ஆனால் விதியில் ஒரு சலுகை: பள்ளிப் பிள்ளைகளைப் பெரியவர்கள் துணையோடு அனுமதிக்கலாம். 30,000 பேருக்கு மேல் வந்தார்கள், பெரும்பாலும் சிறுவர் சிறுமியர். இனவெறிக்கு எதிர்ப்பாக இங்கிலாந்து வீரர்கள் முழங்காலிட்டபோது அந்தக் கூட்டத்திலிருந்து ஊளைச் சத்தம் எழுந்தது. அந்தப் பிள்ளைகள் அதை எங்கே கற்றிருப்பார்கள்? முந்தைய ஆட்டங்களில் அப்பாக்களின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றிருப்பார்கள். கேலரியும் ஒரு வகுப்பறை. நாற்காலிகளைக் காலியாக்கினால் பாடம் மறந்துபோகாது.

வகுப்பில் ஒருவன் செய்ததற்கு நாற்பது பேரையும் வெயிலில் நிற்க வைத்தால், நாற்பது பேருக்கும் கோபம் வரும். கோபம் ஆசிரியர் மேலும், புகார் சொன்ன பிள்ளை மேலும்தான் வரும். வினிசியஸுக்கு அதுதான் நடந்தது. வலென்சியாவின் அந்த கேலரியை ஐந்து ஆட்டங்களுக்கு மூடினார்கள், மேல்முறையீட்டில் மூன்றாகக் குறைந்தது. 45,000 யூரோ அபராதம் 27,000 ஆனது. அவரைத்தான் பிரச்சினைக்காரர் என்று பலர் பேசினார்கள். 2024 மார்ச்சில் செய்தியாளர்கள் முன்னால் உட்கார்ந்து, ஆட வேண்டும் என்ற ஆசையே குறைந்துகொண்டு வருகிறது என்று சொல்லி அழுதார். நாலு பேர் கத்தினால் என்ன என்று கேட்பவர்கள் அந்தக் காணொளியை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஆனால் 2024 ஜூனில் ஒன்று நடந்தது. மெஸ்டாயாவில் கத்திய மூன்று பேரை அடையாளம் கண்டு, ஒரு நீதிமன்றம் தலா எட்டு மாதச் சிறைத் தண்டனையும் இரண்டு வருட மைதானத் தடையும் விதித்தது. கால்பந்து மைதானத்தில் இனவெறிக்காக ஸ்பெயினில் கிடைத்த முதல் தண்டனைத் தீர்ப்பு அது. இங்கிலாந்தில் 1991-லேயே இப்படிக் கத்துவதைக் குற்றமாக்கிவிட்டார்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்ப் பிரச்சினை என்று நாம் சாய்ந்து உட்கார முடியாது. 2024 மார்ச்சில் நம் பக்கத்து மலப்புறம் மாவட்டத்தில், அரீக்கோடு அருகே ஒரு செவன்ஸ் ஆட்டத்தில், ஐவரி கோஸ்ட்டிலிருந்து வந்து ஆடிய இளைஞரைப் பார்வையாளர்கள் துரத்தித் துரத்தி அடித்தார்கள். நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தினார்கள் என்று அவர் காவல்துறையில் புகார் கொடுத்தார். கால்பந்தை உயிராக நேசிக்கும் மண் அது.

சரி, என்னதான் செய்யலாம்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

ஒன்று, வீரர் சொன்னால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். விசாரணை பிறகு. புகார் சொன்னதற்காகவோ வெளியே நடந்ததற்காகவோ அவருக்கு அட்டை காட்டக் கூடாது.

இரண்டு, கத்திய ஆளைத் தேட வேண்டும். மைதானம் முழுக்க கேமரா, எல்லா டிக்கெட்டிலும் நாற்காலி எண். மனசிருந்தால் முடியும் என்பதை வலென்சியா தீர்ப்பு காட்டிவிட்டது.

மூன்று, ஆளைப் பிடித்துக் கொடுக்கும் கிளப்பை விட்டுவிடலாம். மறைக்கும் கிளப்புக்குப் புள்ளியைக் குறைக்க வேண்டும். ரசிகர்கள் கத்தினாலே அணி தோற்றதாக அறிவிக்கலாம் என்று ஃபிஃபா தலைவர் இன்ஃபான்டினோ உடினே சம்பவத்துக்குப் பின் சொன்னார். எனக்கு அதில் தயக்கம் உண்டு. எதிரணி ஆட்கள் பத்துப் பேர் டிக்கெட் வாங்கி வந்து கத்திவிட்டுப் போகலாம். ஆனால் மறைப்பது கிளப்பின் சொந்த முடிவு. அதற்கு அபராதம் போதாது. பணம் அவர்களுக்குப் பெரிதில்லை, புள்ளி பெரிது.

நான்காவது, நம் கையில் இருப்பது. பக்கத்தில் ஒருவன் ஆரம்பிக்கும்போது திரும்பிப் பார்த்து "நிறுத்துங்க" என்று சொல்வது. பயமாக இருந்தால் எழுந்து போய்க் காவலரிடம் நாற்காலி எண்ணைச் சொல்வது. குறைந்தபட்சம் சிரிக்காமல் இருப்பது. வகுப்பறையில் நான் பார்த்தவரை பட்டப்பெயர் வைத்தவனுக்குத் தெம்பு கொடுத்தது சுற்றியிருந்தவர்களின் சிரிப்புதான். அது நின்ற நாளில் பட்டப்பெயரும் நின்றது.

எனவே, "அவர் ஏன் காதில் போட்டுக்கொள்கிறார்?" என்று என்னிடம் கேட்கும் நண்பர்களுக்கு: அந்தக் கேள்வியை அவரை நோக்கிக் கேட்காதீர்கள். அதே கேலரியில், அதே வரிசையில், காதில் விழுந்தும் விழாதது போல உட்கார்ந்திருந்தவர்களிடம் கேளுங்கள்.

வேறு யோசனை இருப்பவர்கள் எழுதுங்கள். மாறுபட்ட கருத்தும் வரட்டும், வீரர்களைத் திட்டாமல்.