காடும் காதும்

வேட்டை என்றதும் பெரும்பாலோர் கண்ணையும் கையையுமே நினைப்பர். குறி தவறாத கண்ணும் நடுங்காத கையும் வாய்த்துவிட்டால் எவனும் வேட்டைக்காரன் ஆகிவிடலாம் என்பது காட்டுக்குள் காலடி வைத்தறியாதவர்களின் எண்ணம். நம் மலைநாட்டுக் காட்டில் கண் எவ்வளவு தொலைவு செல்லும்? பிரம்புக் கொடியும் பெரணிப் புதரும் பத்துப் பன்னிரண்டு அடியிலேயே பார்வையை மறித்துவிடும். அதற்கப்பால் செல்வது செவி ஒன்றே. சருகு நொறுங்கும் ஓசை, பன்றி மூக்கால் மண்ணைக் கிளறும் ஓசை, உதிர்ந்த செம்பனைப் பழத்தைக் கடிக்கும் ஓசை, குட்டிகளை அழைக்கும் தாயின் உறுமல் ஆகியவற்றைக் கொண்டே வேட்டைக்காரன் காட்டை அறிகிறான். அவ்வாறு அறியும் ஆற்றலை அவன் கையிலுள்ள கருவியே சிறிது சிறிதாகப் பறித்துக்கொள்கிறது. அதுதான் விந்தை.

தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியனுக்குத் துப்பாக்கி எதற்கு என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்விதான். பேராக் மாநிலத்தின் தென்பகுதியில், தித்திவங்சா மலைத்தொடரின் அடிவாரத்தில், என் தந்தையார் பால்மரம் சீவிச் சேர்த்த காசில் வாங்கிய ஐந்து ஏக்கர் நிலம் இருக்கிறது. அங்கே ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது பன்றிகளும் வந்தன. இளங்கன்றின் குருத்தைப் பன்றி தின்றுவிட்டால் அக்கன்று பெரும்பாலும் பிழைப்பதில்லை. ஓரிரவில் இருபது கன்றுகளை இழந்த ஆண்டும் உண்டு. ஆகவே தந்தையார் துப்பாக்கி வைத்திருந்தார். பன்னிரண்டு வயது முதல் அவர் அருகில் குந்தியிருந்து பழகிய நான், பின்னாளில் காவல்துறையின் உரிமத்தையும், 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வேட்டை உரிமத்தையும் முறைப்படி பெற்றேன். பக்கத்து நிலத்துச் சீன நண்பரும், மலையடிவாரக் கம்பத்தில் வாழும் செமாய் இனத்துப் பெரியவர் ஒருவரும் என் துணைவர்கள். மூவருக்கும் பொதுமொழி மலாய்.

நாற்பத்தாறாம் வயதில் ஒருநாள் மாலை, காட்டில் சிள்வண்டுகள் பாடவில்லை என்பதை உணர்ந்தேன். மழை மிகுதியால் அவை அழிந்தனவோ, பக்கத்துத் தோட்டத்தில் தெளித்த மருந்தால் ஓய்ந்தனவோ என்று எண்ணிச் செமாய்ப் பெரியவரிடம் கேட்டேன். அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். பின்னர்த் தம் இரு கைகளையும் விரித்து, நான்கு புறமும் சுட்டிக்காட்டி, "கத்திக்கொண்டுதான் இருக்கின்றன" என்றார். அவர் சிரிக்கவில்லை.

அரசு மருத்துவமனையில் சோதனை செய்த இளம்பெண், செவித்திறன் வரைபடத்தை என் முன் வைத்து விளக்கினார். மாணவனுக்கு ஆசிரியர் விளக்கும் பொறுமை அவரிடம் இருந்தது. உட்செவியில் நத்தை ஓடுபோல் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதன் உள்ளே வரிசையாக நிற்கும் நுண்ணிய மயிர்க்கலங்களே ஓசையை உணர்கின்றன. சுருளின் வாயிலருகே உள்ளவை உச்ச ஒலிகளையும், உட்கோடியில் உள்ளவை தாழ்ந்த ஒலிகளையும் பற்றும். பேரொலி முதலில் சிதைப்பது வாயிலருகே உள்ளவற்றையே. சிதைந்த கலம் மனிதனுக்கு மீண்டும் முளைப்பதில்லை. என் வரைபடத்திலும் நொடிக்கு 4000 அதிர்வு என்னும் இடத்தில் கோடு பள்ளத்தில் விழுந்திருந்தது. இடச்செவியில் அப்பள்ளம் இன்னும் ஆழம். நான் எதுவும் சொல்லாத முன்னரே, "ஐயா, நீங்கள் துப்பாக்கி சுடுபவரா?" என்று கேட்டார் அப்பெண். வலத்தோளில் துப்பாக்கியை அணைப்பவனின் இடச்செவி குழலின் வாயை நோக்கியிருக்கும். வலச்செவியோ தலையின் நிழலில் ஒதுங்கியிருக்கும். வரைபடம் என் தோளையே காட்டிக் கொடுத்துவிட்டது!

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டில் வந்த இரைச்சல் விதிகள், தொழிலாளி ஒருவர் எட்டு மணி நேரம் தாங்கத்தக்க அளவை 85 டெசிபல் என வரையறுக்கின்றன. கணநேர ஓசை 140ஐத் தாண்டலாகாது என்பதும் அவ்விதியே. ‘பன்னிரண்டு போர்’ எனப்படும் இரட்டைக்குழல் துப்பாக்கியின் வெடியோசை 150க்கும் மேல் செல்லும். ஆலைக்கு விதியுண்டு, ஆற்றங்கரைப் புதரில் குந்தியிருப்பவனுக்கு யார் விதி எழுதுவார்? என் தந்தையார் காலத்தில் செவியடைப்பான் என்றொரு பொருள் இருப்பதே எங்கள் வட்டாரத்தில் எவருக்கும் தெரியாது. செமாய்ப் பெரியவர் மட்டும் இளமையில் சும்பித்தான் என்னும் ஊதுகுழலாலேயே வேட்டையாடியவர். அதற்கு வெடியோசை ஏது? எழுபதைத் தாண்டிய அவருக்குச் சிள்வண்டு கேட்கிறது.

இனி, தமிழாசிரியர்கள் கருத்தில் கொள்ளத்தக்க ஒன்றைச் சொல்கிறேன். செவி மந்தமானால் உலகம் ஒலி குறைந்த வானொலிபோல் ஆகிவிடும் என்று பிறர் எண்ணுகின்றனர். எனக்கு அப்படி ஆகவில்லை. உயிரெழுத்துகள் அனைத்தும் முன்போலவே முழங்குகின்றன. ஆ, ஈ, ஊ ஆகியவை தாழ்ந்த அதிர்வுகளில் வலுவாக நிற்பவை. மறைந்தவை மெய்கள். அவற்றுள்ளும் முதலில் போனது வல்லினம். ககர, சகர, தகர, பகரங்களைப் பிரித்துக்காட்டும் சிறு வெடிப்பும் உரசலும் உச்ச அதிர்வில் உள்ளவை. அவை என் பள்ளத்தில் விழுந்துவிடுகின்றன. மெல்லினத்தின் மூக்கொலி தாழ்ந்தது, ஆதலால் பெரிதும் தப்பியது. நன்னூலார் வல்லினத்திற்கு மார்பையும் மெல்லினத்திற்கு மூக்கையும் பிறப்பிடமாக வகுத்தார். மார்பில் பிறந்த வல்லினம் என் செவியில் முதலில் மடிந்தது; மூக்கில் பிறந்த மெல்லினம் நிலைத்தது. காட்டிலும் இதே கதைதான். பன்றியின் உறுமல் கேட்கிறது. அதன் கால்பட்டுச் சருகு நொறுங்குவது கேட்கவில்லை. காட்டின் உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை.

வெளியே ஓய்ந்த சிள்வண்டுக்கு ஈடாக உள்ளே ஒன்று குடியேறிவிட்டது என்பதையும் சொல்லவேண்டும். இரவும் பகலும் இடச்செவியில் ஓயாத ரீங்காரம். மருந்தில்லை. பழகிக்கொள்ளலாம் என்றார்கள், ஏறத்தாழப் பழகிவிட்டேன்.

நிற்க. இழப்பைவிட இடர் தருவது திசை தெரியாமைதான். ஓர் ஓசை இரு செவிகளையும் அடையும் நேர வேறுபாடு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. அவ்வேறுபாட்டையும், ஒரு செவியில் மிகுந்தும் மறு செவியில் குறைந்தும் கேட்கும் அளவையும் கொண்டே மூளை திசையைக் கணிக்கிறது. செவிகள் இரண்டும் சமமாக இல்லாதவனுக்கு அக்கணக்குப் பிசகும். துணைவர் இடப்புறம் கூவினால் எனக்கு வலப்புறம் கேட்டது. கையில் குண்டேற்றிய துப்பாக்கி உள்ளவனுக்கு இது விளையாட்டன்று. மனிதரைப் பன்றியென்று எண்ணிச் சுட்ட செய்திகளை நாளிதழ்களில் நாம் படித்திருக்கிறோம். துப்பாக்கியை ஒப்படைத்துவிடுவதா என்று அந்த ஆண்டு முழுதும் எண்ணிக்கொண்டிருந்தேன். "காது இப்படி இருக்கையில் காடு எதற்குங்க?" என்று என் துணைவியார் கேட்டதற்கு என்னிடம் உடனே விடையில்லை.

விடையைத் துணைவர்கள் தந்தார்கள். முன்பெல்லாம் சீழ்க்கையால் குறிப்புக் காட்டுவோம். சீழ்க்கையும் உச்ச ஒலியாதலால் எனக்கு எட்டாது போயிற்று. செமாய்ப் பெரியவர் ஒரு பெருமரத்தின் பலகை வேரைப் பாராங்கின் மழுங்கிய புறத்தால் ஓங்கி அடித்தார். ‘தொம்’ என்னும் ஓசை நெஞ்சிலேயே விழுந்தது. அன்றிலிருந்து ஓரடி என்றால் இருந்த இடத்தில் இரு, ஈரடி என்றால் நாங்கள் வருகிறோம், மூன்றடி என்றால் குண்டுகளை எடுத்துவிடு என்று பொருள். நான் ஓரிடத்தில் மரத்தில் முதுகைச் சாய்த்து அமர்ந்தால், மூன்றடி கேட்கும்வரை எழுவதில்லை. மற்ற இருவரும் என் வலப்புறமாகவே சுற்றி வருவர். மூவரும் செம்மஞ்சள் நிற மேற்சட்டை அணிகிறோம். அசையும் புதரை நோக்கி நான் குழலைத் திருப்புவதே இல்லை. தலை முதல் வால்வரை கண்ணால் கண்டால் மட்டுமே விரல் விசைக்குச் செல்லும். இவ்வொழுங்கால் பல பன்றிகள் தப்பித்திருக்கின்றன. போகட்டும்.

கண்ணுக்குப் புதிய வேலைகள் வந்தன. குளம்படியில் ஊறிய நீர் கலங்கலா தெளிவா, மரத்தில் உரசிய சேறு ஈரமா உலர்ந்ததா, கடித்துத் துப்பிய பழநார் வெளுத்ததா கறுத்ததா என்பவற்றை முன்பு மேலோட்டமாகப் பார்த்தேன். இன்று எழுத்தெண்ணிப் படிக்கிறேன். எல்லாவற்றினும் மேலாக என் நாய் கறுப்பன். அது என் வலக்காலருகே படுத்திருக்கும். நான் காட்டைப் பார்ப்பதில்லை. அதன் செவிகளையே பார்க்கிறேன். எந்தப் பக்கம் அவை திரும்புகின்றனவோ அந்தப் பக்கம் ஓசை. இரண்டும் முன்னே நிமிர்ந்து உடல் விறைத்தால் பன்றி; ஒன்று மட்டும் திரும்பிச் சோர்ந்தால் மட்டை விழுந்திருக்கும், அல்லது குரங்காக இருக்கும்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பள்ளியில் அணியும் செவிக்கருவி காட்டில் பெரிதும் உதவாது. காற்று அதன் ஒலிவாங்கியில் மோதிப் புயலாக ஒலிக்கும். வியர்வை அதற்குப் பகை. இரவில் ஈரமுறிஞ்சும் மணிகள் இட்ட டப்பாவில் வைக்காவிட்டால் சில மாதங்களில் பழுதுபடும். அது வெடியோசையிலிருந்து செவியைக் காப்பதுமில்லை. காட்டுக்கென மின்னணுச் செவிக்கவசம் ஒன்று வாங்கினேன். மெல்லோசையைப் பெருக்கித் தந்து, வெடியோசை எழும் கணத்தில் அதை அடக்கிவிடும் வகை அது. முதல் நாள் அதை அணிந்தபோது இலையில் சொட்டிய மழைத்துளி பறைபோல் ஒலித்தது. என் சட்டை உரசியதைக் கேட்டு நானே திரும்பிப் பார்த்தேன். ஆயினும் முன்னா பின்னா என்பதை அது தெளிவாகச் சொல்லாது. தலையை மெல்லத் திருப்பித்தான் கணிக்கவேண்டும். மிச்சத்தைக் கறுப்பன் பார்த்துக்கொள்ளும்.

பள்ளியில் நிலைமை வேறு. வள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வியை வைத்தார். கேள்வியில் குறையுள்ளவன் கல்விக்கூடத்தை நடத்துவது எளிதன்று. சபைகூடலில் மாணவர்களிடம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டேன்: என் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள், வலப்புறம் நின்று பேசுங்கள், கத்தவேண்டாம். பிள்ளைகள் ஒரே வாரத்தில் பழகிக்கொண்டார்கள். பெரியவர்களுக்குத்தான் நாளாயிற்று.

ஒருநாள் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனின் சொல்வதெழுதுதல் ஏட்டைப் பார்க்க நேர்ந்தது. ‘பந்து’ என்பதற்குத் ‘தந்து’, ‘கடை’ என்பதற்குப் ‘படை’, ‘சட்டி’ என்பதற்குத் ‘தட்டி’ என்று எழுதியிருந்தான். ஏடு முழுதும் சிவப்பு மை. அடியில் ‘கவனம் தேவை’ என்ற குறிப்பு. பிழைகளை மறுமுறை நோக்கினேன். குறில், நெடில், ஐகாரம் எதுவும் பிறழவில்லை. பிறழ்ந்தவை யாவும் வல்லினம். என் வரைபடமே அந்த ஏட்டில் எழுதப்பட்டிருந்தது! மறுநாள் ஓர் ஏட்டால் என் வாயை மறைத்துக்கொண்டு அவனுக்குப் பத்துச் சொற்கள் வாசித்தேன். வாய் தெரிந்தபோது ஏழு சரியாக எழுதியவன், மறைத்தபோது இரண்டே எழுதினான். பெற்றோரை அழைத்துப் பேசினேன். மருத்துவமனைச் சோதனையில் அவன் குறை பிறவியிலேயே வந்தது எனத் தெரிந்தது. சில மாதங்களில் இரு செவிகளுக்கும் கருவி கிடைத்தது. அவனுடைய கருவிக்கும் எனதற்கும் ஒரே அளவு மின்கலம்: 312, பழுப்பு ஒட்டுத்தாள் உள்ளது. ஒட்டுத்தாளை உரித்துக் காற்றுப் பட்டதுமே அது செலவாகத் தொடங்கிவிடும், ஆகவே விளையாட்டாக உரிக்கக்கூடாது என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். தீர்ந்துபோனால் என் அறைக்கு வந்து மேசையின் வலப்புறம் நின்று கையை நீட்டுவான். இழுப்பறையில் எப்போதும் ஓர் அட்டை இருக்கும்.

2021ஆம் ஆண்டில் முதலில் சபாவில் கண்டறியப்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், பின்னர்த் தீபகற்பத்துக் காடுகளுக்கும் பரவியது. எங்கள் மலையடிவாரத்தில் பன்றியின் சுவடே இல்லாத மாதங்களும் இருந்தன. அப்போதும் சனிக்கிழமைகளில் மூவரும் போய் அமர்ந்திருந்தோம். இப்போது மறுபடியும் ஓடைக்கரையில் மண் கிளறப்பட்டிருக்கிறது. உரிமத்தைப் புதுப்பிக்கும் காலம் நெருங்குகிறது. துணைவியார் ஒரு நிபந்தனையோடு இசைந்திருக்கிறார்: துணைவர் இருவரும் கறுப்பனும் உடன்வராத நாளில் நான் துப்பாக்கியைத் தொடக்கூடாது. கறுப்பனுக்கு இவ்வாண்டு ஒன்பது வயது. அதன் செவியும் சற்று மந்தமாகி வருவதாகச் சீன நண்பர் சொல்கிறார். நான் சோதித்துப் பார்த்தவரையில் எனக்கு அப்படித் தெரியவில்லை.