ஓடும் நீரில் ஊன்றி நிற்றல்

அமெரிக்காவின் கிழக்குப் பக்கம், மேரிலாந்து மாநிலத்தில், சஸ்குவெஹன்னா என்ற பெரிய ஆற்றின் குறுக்கே கோனோவிங்கோ அணை நிற்கிறது. 1928-இல் மின்சாரத்துக்காகக் கட்டிய அணை. அதைத் தாண்டிப் பத்து மைல் போனால் ஆறு செசபீக் விரிகுடாவில் கலந்துவிடும். அந்த அணையின் காலடியில், நுரைத்துக்கொண்டு ஓடும் தண்ணீரில், ஸ்ட்ரைப்ட் பாஸ் என்னும் மீனைத் தூண்டில் போட்டுப் பிடிக்க நடுவயதில் கற்றுக்கொண்டேன். வேலைக்காக நாடு விட்டு வந்து, பிள்ளைகளை ஆளாக்கி, ஓய்வும் பெற்றுவிட்டேன். அலுவலகத்தில் முப்பது வருஷம் உட்கார்ந்தும் விளங்காத சில காரியங்கள் அந்த ஆற்றங்கரையில் விளங்கின. என் பிள்ளைகளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் மீனைப் பற்றி. பிடிக்கப்போகும் மீனை அறியாதவன் தூண்டிலைத் தொடக் கூடாது. வெள்ளி நிற உடல். செவுளிலிருந்து வால்வரை ஏழெட்டுக் கருங்கோடுகள். மேரிலாந்துக்காரர்கள் ராக்ஃபிஷ் என்பார்கள். மாநில மீன் என்ற பெருமையும் அதற்கு உண்டு. கடலில் திரியும் இந்த மீன், வசந்தத்தில் முட்டையிட ஆற்றுக்குள் ஏறும். அதன் முட்டை முழுக்க மிதப்பதும் இல்லை, சட்டென்று மூழ்குவதும் இல்லை. பொரிக்க ஏறத்தாழ இரண்டு நாள் ஆகும். அதுவரை நீரோட்டம் அதை ஏந்திக்கொண்டு போக வேண்டும். ஓட்டம் நின்றால் அடியில் படிந்து, சேறு மூடி, உயிரற்றுப் போகும். நாம் எதைக் கண்டு அஞ்சுகிறோமோ, அதை நம்பித்தான் இந்த மீன் பிறக்கிறது.

அடுத்தது தண்ணீர். அந்த அணையில் பதினோரு விசையாழிகள். ஏழு தொடக்கத்திலேயே வைத்தவை. நான்கு பின்னாளில் சேர்த்தவை. ஊரில் மின்தேவை ஏறும்போது அவற்றை ஒவ்வொன்றாக ஓட விடுவார்கள். கோடைப் பிற்பகலில் பால்டிமோர் பக்கத்து வீடுகளில் ஏசி ஓடத் தொடங்கினால், இங்கே ஆறு ஏறும். காலையில் பாறை பாறையாகத் தெரிந்த ஆற்றுப்படுகை, சங்கு ஊதிச் சிவப்பு விளக்கு எரிந்த சற்று நேரத்தில் கண்ணுக்குத் தெரியாது. விசையாழி வழியே வந்து கிறங்கிப்போன சின்ன மீன்கள் நுரையில் புரளும். அவற்றுக்காகக் கடற்பறவையும் கொக்கும் நீர்க்காகமும் மேலே கூடும். கீழே ராக்ஃபிஷ் கூடும்.

எனக்குக் கற்றுத்தந்தவர் ஸ்பாரோஸ் பாயின்ட் உருக்காலையில் உழைத்து ஓய்வுபெற்ற கறுப்பினப் பெரியவர் ஒருவர். அதிகம் பேசமாட்டார். உருக்கு உலைக்கு முன்னால் நின்ற மனிதருக்கு எந்த அவசரமும் அவசரமாகத் தெரியாதுபோலும். அந்த ஆலையே பின்னாளில், 2012-இல், மூடப்பட்டது. அவர் அதைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்லிக் கேட்டதில்லை.

அவரோடு போன முதல் நாளில் தூண்டிலைக் கையில் எடுக்கவே விடவில்லை. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்கச் சொன்னார். வெள்ளமாக ஓடும் நீரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்றுதான் எவருக்கும் தோன்றும். மெல்ல மெல்லக் கண் பழகியது. ஓட்டம் எங்கும் ஒரே மாதிரி இல்லை. ஒரு பாறையின் மேல் தண்ணீர் குவிந்து எழும். அதன் பின்னால் ஓர் ஆள் நீளத்துக்குக் கண்ணாடிபோல் அமைதி இருக்கும். இன்னோரிடத்தில் விரைந்து ஓடும் நீரும் சோம்பிக் கிடக்கும் நீரும் உரசிப் போகும். நடுவே மெல்லிய நுரைக்கோடு நீளும். கரையோரத்தில் சுழி ஒன்று எதிர்ப்பக்கமாகவே ஓடும். எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிப்பவன் லாரியின் பின்னால் ஒதுங்கிப் போவதுபோல, பெரிய மீன் பாறையின் மறைவில் ஒதுங்கி, துடுப்பைக்கூட அதிகம் அசைக்காமல் நிற்கும். இரை அந்த நுரைக்கோட்டின் வழியே வரும்போது ஒரே ஒரு பாய்ச்சல்; மறுபடியும் மறைவுக்குள். நாளெல்லாம் வெள்ளத்தை எதிர்த்து நீந்துகிற மீன் வளராது, மெலியும்.

பிள்ளைகளே, சகிப்பு என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு வெள்ளத்தின் நடுவில் நிற்பது என்று நம்மில் பலருக்கு ஓர் எண்ணம். நெடுங்காலம் தாக்குப்பிடித்த மனிதர்களைச் சற்று உற்றுப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் ஒதுங்க ஒரு பாறை இருந்திருக்கும். சிலருக்கு மனைவி, சிலருக்குப் படிப்பு, சிலருக்கு ஞாயிற்றுக்கிழமைக் கோயில். பலம் உள்ளவன் நிற்பான். இடம் அறிந்தவன் நிலைப்பான்.

தூண்டில் விவரத்துக்கு வருகிறேன். ஈயத் தலையில் மான்வால் முடி கட்டிய பக்டெயில் என்ற பொய் இரையைத்தான் பெரியவர் பயன்படுத்தினார். முக்கால் அவுன்ஸ், ஓர் அவுன்ஸ், ஒன்றரை அவுன்ஸ் எனச் சட்டைப்பை நிறைய வைத்திருப்பார். நேரே எதிர்க்கரையைப் பார்த்து வீசமாட்டார். ஓட்டத்துக்கு எதிராகச் சாய்வாக வீசி, இரை இறங்க இறங்க ரீலைச் சுற்றித் தூண்டில் நரம்பின் தொய்வை எடுப்பார். இரை அடிப்பாறையில் 'டிக்' என்று ஒருமுறை பட வேண்டும், உடனே கோலின் நுனியை ஒரு சாண் தூக்குவார், மறுபடியும் 'டிக்'. படவே இல்லை என்றால் எடை போதாது. பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டால் எடை மிகுதி. விசையாழி இன்னொன்று ஓடத் தொடங்கினால் காலையில் சரியாக இருந்த எடை தப்பாகிவிடும். பழையதைக் கழற்றி வேறு கட்டுவார். இரை இப்படி அடியைத் தொட்டுத் தொட்டு இறங்கிவந்து, நரம்பு விறைத்து, கரைப்பக்கமாக வளையும் அந்தக் கடைசிக் கணத்தில்தான் மீன் பெரும்பாலும் அடிக்கும். பொறுக்காதவர்கள் அதற்கு முன்பே சுற்றி எடுத்துவிடுவார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே வந்த மீன் திரும்பிப் போயிருக்கும்.

இந்தப் பாடத்தை எடைபோட்டுப் பார்க்க எனக்கு ஒரு சந்தர்ப்பம் பின்னாளில் வந்தது. நண்பர் வீட்டுப் பிள்ளை ஒருவன், கணினி வேலை. திடீரென்று ஆட்குறைப்பில் அவன் பெயரும் வந்துவிட்டது. எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு வேலை போனால் அறுபது நாள் அவகாசம். அதற்குள் வேறு வேலை தேட வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தவனை ஆற்றுக்குக் கூட்டிப் போனேன். வெறி பிடித்தவன்போல் வீசினான். நண்பகலில் வியர்க்க விறுவிறுக்க வந்து உட்கார்ந்தான்.

"அங்கிள், காலையிலேர்ந்து வீசுறேன். ஒண்ணும் தொடக்கூட இல்ல."

"எத்தனை தடவை எடையை மாத்தினே?"

பதில் இல்லை.

"நின்ன இடத்தையாவது மாத்தினியா?"

சிரித்துவிட்டான். நல்ல பிள்ளை, மேற்கொண்டு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரே விண்ணப்பத்தை ஊரெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்ததை அன்று மாலை காரில் அவனாகவே சொன்னான். பிறகு அவனுக்கு வேறு மாநிலத்தில் வேலை கிடைத்தது. ஆறுதான் வாங்கிக்கொடுத்தது என்று பொய் சொல்லமாட்டேன். அவனுடைய பழைய மேலாளர் ஒருவர் உதவினார். ஆனால் அலுப்பு வேறு, உழைப்பு வேறு என்பதை அவன் அன்று கண்டுகொண்டான் என்று நம்புகிறேன். கை ஓயாமல் வீசுவதோடு முடிவதில்லை பொறுமை. ஒவ்வொரு வீச்சிலும் ஒன்றைத் தெரிந்துகொண்டு அடுத்ததை வீச வேண்டும்.

மீன் மாட்டிய பிறகும் பாடம் உண்டு. ராக்ஃபிஷ் மாட்டியதும் ஓட்டத்தோடு சேர்ந்து கீழ்நோக்கிப் பாயும். மீனின் பலத்தோடு ஆற்றின் பலமும் சேர்ந்துகொள்ளும். ரீலில் டிராக் என்று ஒரு பிடி இருக்கிறது. நரம்பை எவ்வளவு இழுத்தால் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை அதில் வைக்கலாம். வீசுவதற்கு முன்பே கையால் இழுத்துப் பார்த்து அதைச் சரிசெய்துவிட வேண்டும். மீன் ஓடும்போது திருகினால் நரம்பு அறும். மீன் ஓடட்டும். நீங்கள் கரையோரமாகவே கீழ்நோக்கி நடந்து அதன் நேருக்கு வாருங்கள்; பிறகு பக்கவாட்டில் சாய்த்து, சோம்பிய நீருக்குள் கொண்டுவாருங்கள். வெள்ளத்துக்கு எதிராக மீனை இழுத்துக் கரைசேர்த்தவரை நான் பார்த்ததில்லை. வீட்டிலும் அப்படித்தான். கோபத்தில் இருக்கும் பிள்ளையையோ துணையையோ அந்த நேரத்தில் இழுத்துப் பிடித்து வென்றவர் எவரும் இல்லை. கூடவே நடந்து போனவர்கள் சிலர் வென்றிருக்கிறார்கள்.

இவ்வளவு சகிப்பைப் போதித்த பெரியவர், சங்கு ஊதிவிட்டால் ஒரு நொடி நிற்கமாட்டார். மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் சரி, நரம்பைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறிவிடுவார். ஒருமுறை கல்லூரி வயதுப் பையன் ஒருவன் முழங்கால் தண்ணீரைக் கடந்து நடுப்பாறையில் நின்று வீசிக்கொண்டிருந்தான். சங்கு ஊதியது. இன்னும் ஒரே வீச்சு என்பதுபோல் விரலைக் காட்டினான். அவன் திரும்புவதற்குள் முழங்கால் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. கரையில் இருந்தவர்கள் கயிறு எறிந்து இழுத்தார்கள். ஆள் பிழைத்தான், கோலும் பெட்டியும் விரிகுடாவுக்குப் போயின. பெரியவர் அவனைத் திட்டவில்லை. ஈரச் சட்டையைக் கழற்றச் சொல்லித் தன் மேல்கோட்டைக் கொடுத்தார். சகிப்புக்கும் பிடிவாதத்துக்கும் உள்ள வேறுபாட்டை அன்று அவன் குளிரில் நடுங்கிக்கொண்டே படித்தான். உங்களை வதைக்கும் வேலையிலும் கை நீளும் மணவாழ்விலும் சங்கு ஊதினால் யார் என்ன சொல்வார்கள் என்று பார்க்காதீர்கள். கரையேறுங்கள். மீன் நாளைக்கும் இருக்கும்.

நாளைக்கு மீன் இருக்குமா என்பதே கேள்வியாகிவிட்ட காலமும் ஒன்று இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் கிழக்குக் கரை முழுதும் ராக்ஃபிஷ் மூட்டை மூட்டையாக வந்தது. பத்தாண்டுக்குள் வரத்து பாதாளத்துக்குப் போய்விட்டது. மேரிலாந்து அரசு 1985-இல் முழுத் தடை போட்டது. 1990 இலையுதிர்காலம் வரை ஒரு ராக்ஃபிஷையும் யாரும் பிடிக்கக் கூடாது. மீனவர்களுக்குப் பிழைப்பு போயிற்று. ஆத்திரம் இருந்தது, நியாயமும் இருந்தது. அந்த மாநிலத்தில் 1954 முதல் ஒரு வழக்கம்: ஆண்டுதோறும் கோடையில் ஆற்றோரங்களில் இழுவலை போட்டு, அந்த ஆண்டு பிறந்த குஞ்சுகளை எண்ணிக் குறித்துவைப்பார்கள். 1989-இல் அந்தக் கணக்கு துள்ளி எழுந்தது. அதை வைத்துத்தான் மறு ஆண்டு கதவைத் திறந்தார்கள். அந்த வருஷங்களில் என்ன செய்தீர்கள் என்று பெரியவரைக் கேட்டேன். கெளுத்தி பிடித்தேன் என்றார். பிறகு யோசித்து, ரீலுக்கு எண்ணெய் போட்டு வைத்தேன் என்று சேர்த்துக்கொண்டார். தனி மனிதன் பொறுப்பது பெரிய காரியம். ஒரு மாநிலமே பொறுத்தது அதனினும் பெரிது.

நம் ஊரில் நமக்கு இப்படிப் பொறுத்திருந்து மீட்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. கடலிலிருந்து ஆறேறும் உல்லம் மீன், வங்காளிகள் ஹில்சா என்று கொண்டாடுவது, ஒருகாலத்தில் காவிரியிலும் ஏறிக்கொண்டிருந்தது. 1934-இல் மேட்டூர் அணை எழுந்த பிறகு அந்த வரத்து குன்றிப்போயிற்று. கோனோவிங்கோவிலும் அதே கதைதான். உல்லத்துக்கு உறவான ஷாட் என்ற மீன் அணையில் முட்டிக்கொண்டு நின்றது. அங்கே 1972-இல் ஒன்றும் 1991-இல் ஒன்றுமாக மீன்களை ஏற்றிவிட மின்தூக்கிகள் கட்டினார்கள். பழைய வளம் திரும்பிவிடவில்லை. ராக்ஃபிஷ் கதையும் முடிந்துவிடவில்லை. 2019-க்குப் பிறகு குஞ்சுக் கணக்கு ஆண்டுக்கு ஆண்டு சராசரிக்கு வெகு கீழேயே வருகிறது. அதனால்தான் விரிகுடாவில் 2024-இல் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரே மீன், அதுவும் 19 முதல் 24 அங்குலத்துக்குள் என்று சுருக்கிவிட்டார்கள். என் பேரன் முணுமுணுத்தான். ஒன்றுமே கூடாது என்றிருந்த வருஷங்களைச் சொன்னேன். கணக்கு அவனுக்குப் பிடிபட்டது.

வர விரும்பும் பிள்ளைகளுக்குச் சில விவரங்கள். உரிமம் வாங்கிக்கொள்ளுங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், கிளம்புமுன் படியுங்கள். உயிர் இரையோ வெட்டிய மீனோ கோத்துப் போடுவதானால் வட்டத் தூண்டில்முள் கட்டாயம். அது தொண்டையில் இறங்காமல் வாயோரத்தில் மாட்டுவதால், விட்டுவிடும் மீன் பிழைக்கும். கடும் வெயில் நாளில் வேண்டாம். சூடான நீரில் களைத்த மீனை விட்டாலும் தேறாது. கம்பளி அடி வைத்த காலணி அந்த மாநிலத்தில் 2011 முதல் தடை, பாசி ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் பரவுகிறது என்பதால். ஆணி பதித்த ரப்பர் அடி போதும். உயிர்காப்புச் சட்டையை வெட்கப்படாமல் போடுங்கள். தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வாருங்கள். கோடையில் பெரும்பாலும் பிற்பகலில்தான் திறக்கிறார்கள், அதுவரை பசி தாங்காது.