குவாதலூப்பில் ஒரு பகல்

உல்லாசக் கப்பலில் போய் வந்த அன்பர்களைக் கரையிறங்கிய ஊர்கள் எப்படி என்று கேட்டால், "கடற்கரை நன்றாயிருந்தது" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். சென்ற ஜனவரியில் மயாமியிலிருந்து புறப்பட்ட எங்கள் கப்பலின் நிரலில் புவாந்த்-அ-பித்ர் என்ற பெயர் இல்லாதிருந்தால், நாங்களும் அவ்வளவே சொல்லியிருப்போம்.

குவாதலூப் என்னும் பிரஞ்சுத் தீவின் துறைமுகம் அது. 1848-இல் பிரஞ்சு நாடு அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் நம்மவர்களை ஒப்பந்தம் செய்து கப்பலேற்றினார்கள். 'ஒரேலி' என்ற கப்பல் முதற் கூட்டத்தை 1854 டிசம்பரில் இங்கே கொணர்ந்து இறக்கியது. 1889-க்குள் ஏறத்தாழ நாற்பதினாயிரம் பேர் வந்து சேர்ந்தனர், பெரும்பாலோர் திரும்பவில்லை.

எங்கள் ஊர் சித்தூர் மாவட்டத்துச் சாந்திபுரம், குப்பத்தை அடுத்தது. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, சந்தைக்குப் போனால் கன்னடமும் சேர்ந்துகொள்ளும். 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகுமுன் எங்கள் பக்கம் வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. புதுச்சேரியில் கப்பலேறிப் போய்த் திரும்பாத ஒரு பங்காளியைப் பற்றிப் பாட்டி சொல்வதுண்டு. எந்தத் தீவு என்பது பாட்டிக்கும் தெரியாது. அவரைத் தேடிப் போனோம் என்று பெருமை பேச மாட்டோம். ஆயினும் அந்தப் பேச்சு நெஞ்சின் ஓர் ஓரத்தில் இருந்தது.

கப்பலார் ஏற்பாடு செய்த சுற்றுலாவில் நாங்கள் சேரவில்லை. அவர்கள் காட்டுவது அருவியும் கடற்கரையும். நாங்கள் காண விரும்பியது கப்பெஸ்தேர் என்ற ஊரிலுள்ள மாரியம்மன் கோயில். தனியே போவதில் ஓர் அபாயம் உண்டு. கப்பலாரின் வண்டி தாமதித்தால் கப்பல் காத்திருக்கும். நாமாகப் போய்த் தாமதித்தால் நமக்காகக் காத்திராது. இதனாலேயே என் மனைவி முதல்நாள் இரவே இரண்டு கடவுச்சீட்டுகளையும் கைப்பையில் வைத்துவிட்டாள். பிரஞ்சு ஆட்சிக்கு உட்பட்ட இடமாதலால், இந்தியக் கடவுச்சீட்டு உடையோர் நுழைவு அனுமதி பற்றிப் புறப்படுமுன்பே விசாரித்துக்கொள்வது நலம். கையில் யூரோ நாணயமும் வேண்டும்.

கப்பல் ஊருக்குள்ளேயே வந்து நிற்கிறது. இறங்கிச் சற்று நடந்தால் சந்தை. அங்கே தலையில் மதராஸ் துணி கட்டிய பெண்கள் மசாலைப் பொடிகளைக் குவித்து வைத்திருந்தார்கள். மதராஸ் என்பதே அந்தக் கட்டம் போட்ட துணிக்கு அங்கே பெயர். 'கொலம்போ' என்ற பொடியை முகர்ந்து பார்த்தோம்: மஞ்சள், மல்லி, சீரகம், வெந்தயம், கடுகு. கறிவேப்பிலையைக் காட்டிப் பெயர் கேட்டதற்கு அந்த அம்மாள் 'கலூப்பிலே' என்றாள். வேப்பிலைக்கு 'வேப்பெலே' என்கிறார்கள். என் மனைவி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அந்த அம்மாளுக்குக் காரணம் விளங்காமலே அவளும் சிரித்தாள்.

பேருந்தில் கப்பெஸ்தேர் போகும் வழியெங்கும் வாழைத் தோட்டங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து அரிது என்று கேள்வி. நல்லவேளை, நாங்கள் இறங்கியது வியாழனன்று. சாங்கி என்ற இடத்தில் நெடுஞ்சாலையிலிருந்தே கோயில் தெரிகிறது. வெள்ளைச் சுவர், மேலே வண்ணம் பூசிய தெய்வ உருவங்கள். நம் ஊர்ச் சிற்பியின் கை அல்ல என்பது கண்டதும் தெரியும். நம் ஊர்த் தெய்வங்கள் என்பதும் தெரியும். மதுரை வீரனை அங்கே 'மல்தெவிலின்' என்கிறார்கள்.

வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்களைக் கண்டு துடைப்பத்தைக் கீழே வைத்தார். அவருக்குப் பிரஞ்சும் கிரியோல் மொழியும் தவிர வேறில்லை. ஆங்கிலம் சிறிது கற்ற பேத்தி இடையில் நின்று மொழிபெயர்த்தாள். நாங்கள் தமிழ் பேசுவோம் என்று கேட்டதும் அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், துணியில் சுற்றிய குறிப்பேடு ஒன்றை எடுத்து வந்தார். பக்கம் பக்கமாகப் பிரஞ்சு எழுத்துக்கள். விரலை வைத்துப் பாடத் தொடங்கினார்.

அது தமிழ்ப் பாட்டு. அம்மனை அழைக்கும் பாட்டு. சொற்கள் தேய்ந்திருந்தன, சில உடைந்து ஒட்டியிருந்தன. ஆனால் ராகம் எங்கள் ஊர்க் கங்கம்மா ஜாத்திரையில் கேட்டதற்கு வெகு தூரத்தில் இல்லை. தந்தை எழுதிவைத்தது, அவர் தம் தந்தையிடம் கேட்டு எழுதியது என்றார். பொருள் தமக்குத் தெரியாது என்றும், அறுபது ஆண்டுகளாகப் பாடி வருவதாகவும் சொன்னார்.

அந்த ஏட்டைப் பார்த்ததும் எங்களுக்கு நினைவு வந்தது அம்மாவின் பெட்டி. எங்கள் அம்மா தெலுங்குப் பள்ளியில் படித்தவர். தமிழ்ப் பாட்டுக்களைத் தெலுங்கு எழுத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். எங்கள் பிள்ளைகளோ சங்கத்து விழாவில் பாடும்போது ஆங்கில எழுத்தில் எழுதிய தாளை மறைத்துப் பிடித்துக்கொள்கிறார்கள்.

பொருள் சொல்ல முடியுமா என்று கேட்டார் முதியவர். முதல் இரண்டு கண்ணிகளை ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துச் சொன்னோம். பேத்தி பிரஞ்சில் சொல்லச் சொல்ல, அவர் அதே அடிகளை மறுபடியும், முன்னைவிட மெதுவாக, பாடினார். மூன்றாவது கண்ணிக்கு வரும்போது என் மனைவி, "மணியைப் பாருங்கள்" என்றாள். கைப்பேசியில் மூன்று. நாலரை மணிக்குள் கப்பலேற வேண்டும் என்று நிரலில் அச்சிட்டிருந்தது.

"மீதி?" என்பதுபோல் அவர் ஏட்டைச் சற்று உயர்த்திக் காட்டினார். நான்கு பக்கங்களைப் படமெடுத்துக்கொண்டோம். மற்றதை நின்று எடுக்கத் துணிவில்லை. முகவரி வாங்கிக்கொண்டு, சாலையில் ஒரு வாடகைக் காரைப் பிடித்து ஓடினோம். கும்பிடக்கூட மறந்ததாக என் மனைவி இப்போதும் சொல்வாள். நான் கும்பிட்டதாகவே நினைவு.

கப்பலடிக்கு வந்தபோது கைப்பேசியில் நான்கு மணி. உள்ளே நுழைந்ததும் சுவர்க் கடிகாரம் மூன்று காட்டிற்று. குவாதலூப்பின் நேரம் குளிர்காலத்தில் மயாமிக்கு ஒரு மணி முந்தியது. கப்பல் மயாமி நேரத்தையே வைத்துக்கொண்டிருந்தது. கைப்பேசியோ யாரையும் கேளாமல் உள்ளூர் நேரத்துக்கு மாறிவிட்டிருந்தது. ஆக, எங்களுக்கு இன்னும் ஒன்றரை மணி இருந்தது. திரும்பிப் போய் வரப் போதாது. மேல்தளத்தில் கரையைப் பார்த்துக்கொண்டு அந்த ஒன்றரை மணியையும் கழித்தோம். தனியே இறங்கும் அன்பர்கள் வேறெதை மறந்தாலும் கப்பலின் மணியைக் கைக்கடிகாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பெஸ்தேரில் 1863-இல் பிறந்த ஆங்ரி சிதம்பரம் என்பவர், இந்திய வம்சத்தாருக்குப் பிரஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் வேண்டி 1904 முதல் 1923 வரை வழக்காடி வென்றார் என்பதை மீளும் வழியில் படித்தோம். உரிமை கிடைத்தது, மொழிதான் கைநழுவிவிட்டது. அதற்காக அவர்களைக் குறைகூற எங்களுக்கு மனம் வரவில்லை. தோட்டத்தில் யார் பள்ளிக்கூடம் வைத்தார்கள்?

வீடு திரும்பி இரண்டு வாரம் அந்த நான்கு பக்கங்களோடு உட்கார்ந்தோம். பல இடங்கள் பிடிபட்டன; மூன்றாம் பக்கத்தில் ஓரடி மட்டும் எவ்வளவு முயன்றும் பிரியவில்லை. சாந்திபுரத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, பிரஞ்சு எழுத்தில் இருந்ததை இருந்தபடியே அம்மாவிடம் வாசித்தோம்.

"இன்னொரு தரம் சொல்லு" என்றார்.

சொன்னோம். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு அம்மா அந்த அடியைத் திருத்திப் பாடி, நிறுத்தாமல் அதற்கடுத்த அடியையும் பாடினார். ஏட்டில் அடுத்திருந்ததும் ஏறக்குறைய அதுவே.

"இது எங்க பாட்டி கங்கம்மாவுக்குக் கூழ் ஊத்தறப்போ பாடறது. இவ்வளவு தூரத்துல யாருப்பா வச்சிருக்கா?" என்று கேட்டவர், "எனக்கு நடுவுல கொஞ்சம் மறந்துபோச்சு. அடுத்த பக்கத்தையும் படி" என்றார்.

எங்களிடம் நான்கு பக்கங்களே இருந்தன. பொருளெழுதி முதியவருக்கு அனுப்பிய தபாலில், மிச்சப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பும்படி பேத்திக்கும் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்.